கேள்விப்பத்திரம் திறக்கப்படுமுன்



நாளிதழைக் கையில் எடுத்தால் மரண அறிவித்தல்களை நாம் தவறாது பார்க்கின்றோம். இராசிபலனை நம்பாதவர் என்று பேரெடுத்தவரும் அதனை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுகின்றார். ஆனால் அதே தாளின் உட்பக்கமொன்றில், நெருக்கமான சிறு எழுத்தில், ‘கேள்வி கோரல்’ என்ற தலைப்புடன் ஓர் அறிவித்தல் இருக்கும். இன்ன நகரசபை, இன்ன வீதி, இத்தனை மீற்றர் வடிகால், கேள்விப்பத்திரங்கள் இன்ன நாள் இன்ன நேரத்துக்கு முன்னர் வந்து சேரவேண்டும் என்று அதிற் கண்டிருக்கும். ஒப்பந்தகாரரைத் தவிர வேறெவரும் அதனைப் படிப்பதில்லை. என் பாடசாலை வாயிலுக்கு முன்னாலுள்ள வடிகாலைப் பற்றிய அறிவித்தல் வெளிவந்த அன்றுகூட நான் அதனைப் படிக்கவில்லை.

கொழும்பு மாநகரின் எல்லையைத் தாண்டியவுடன் தொடங்குகின்ற சிறு நகரங்களுள் ஒன்றில் என் பாடசாலை இருக்கிறது. அந்நகரின் பெயரைச் சொல்லவேண்டிய அவசியமில்லை. காலையில் பாதிப்பேர் பேருந்திலும் புகைவண்டியிலும் ஏறிக் கொழும்புக்குப் போய், இருட்டியபின் திரும்பிவந்து உறங்குகின்ற ஊர் அது. உறங்க மட்டும் வருகின்ற ஊரைப் பற்றி யாருக்கு என்ன கவலை இருக்கமுடியும்? வீதியிலே குழி விழுந்தால் முணுமுணுப்போம், மழைபெய்தால் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

எங்கள் வாயிலில் மழைக்காலந்தோறும் தண்ணீர் தேங்கும். ஐப்பசி மாதத்திலே முதலாம் வகுப்புப் பிள்ளைகளைத் தகப்பன்மார் தோளிலே தூக்கிவருவார்கள். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெற்றோர் கையொப்பமிட்ட விண்ணப்பமொன்றை நகரசபைக்குக் கொடுத்தோம். சபையும் இணங்கிற்று. அவ்வாண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்த ஆண்டு. சீமெந்தின் விலை வாரத்துக்கு வாரம் மாறியதனால் முதன்முறை கோரிய கேள்விக்கு ஒருவரும் முன்வரவில்லை. இரண்டாம் முறை மூவர் வந்தனர். அவர்களுட் குறைந்த தொகை கூறியவருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. 2023 தைமாதத்தில் வேலை தொடங்கி, மே மாதத்தில் முடிந்தது. கொங்கிரீட்டினாலான, மூடியிட்ட, பார்வைக்கு அழகான வடிகால். பரிசளிப்பு விழாவிலே நான் அதனைப் புகழ்ந்தும் பேசினேன்.

ஒக்டோபர் மழையில் அதன் குணம் தெரிந்தது. முன்னர் வாயிலோடு நின்ற தண்ணீர் இப்போது வளவுக்குள் வந்தது. வடிகாலின் விளிம்பு எங்கள் முற்றத்திலும் ஏறத்தாழ அரையடி உயரமாக இருந்தது. வீதித் தண்ணீர் வடிகாலுக்குள்ளே போயிற்று. முற்றத்துத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முதலாம் வகுப்பு அறையின் வாசற்படியை ஏறிற்று. பிள்ளைகளின் வாசிப்புப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய நனைந்து கூழாயின.

தேநீர்க்கடையிலே தீர்ப்பு உடனே வழங்கப்பட்டது. “கொந்தராத்துக்காரன் தின்றுவிட்டான்” என்றார்கள். அவர் எங்கள் ஊரவர்; அவருடைய மகன் எங்கள் பாடசாலையிலே படித்தவன். நானும் அத்தீர்ப்பை நம்பினேன். நம்பியதோடு நில்லாமல், வேலையிற் குறை இருக்கிறது, ஒப்பந்தகாரரின் பிடிப்புப் பணத்தைக் கொடுக்கக்கூடாது என்று சபைக்கு ஒரு கடிதமும் எழுதினேன். கல்லூரித் தாளில், முத்திரை வைத்து, நல்ல தமிழில் எழுதினேன்.

சில வாரங்களின் பின் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கோப்பையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். என் முன்னிலையிலேயே அளந்தார். அகலம் சரி, ஆழம் சரி, சுவரின் கனம் சரி, மூடிகளின் எண்ணிக்கையுஞ் சரி. அளவுப் பட்டியலிற் கண்டதில் ஓர் அங்குலமும் குறையவில்லை. ஒப்பந்தகாரர் தமக்குக் கொடுத்த படத்தை அப்படியே தரையில் எழுப்பியிருந்தார். பிழை படத்திலே இருந்தது. படத்தைப் புரட்டிக்கொண்டு போனபோது, கடைசித் தாளிலே, ‘பாடசாலை நிருவாகத்தின் கருத்து’ என்ற இடத்தில், ‘ஆட்சேபனை இல்லை’ என்ற வாசகமும் அதன்கீழ் ஒரு கையொப்பமும் இருந்தன. அந்தக் கையொப்பம் என்னுடையது.

எப்போது ஒப்பமிட்டேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை. தவணைப் பரீட்சைத் தாள்களுக்கும் ஆசிரியர் விடுமுறை விண்ணப்பங்களுக்கும் இடையிலே அதுவும் ஒரு தாளாக வந்திருக்கும்.

நிற்க. இங்கே கேள்விமுறை எவ்வாறு நடைபெறுகிறதென்பதைச் சற்று விளக்குதல் நன்று. ஒரு வேலை தேவையென்று கண்டதும் அதற்குப் படமும் மதிப்பீடும் ஆயத்தமாகின்றன. எத்தனை கன மீற்றர் மண் வெட்டவேண்டும், எத்தனை கன மீற்றர் கொங்கிரீட்டு இடவேண்டும் என்று ஒவ்வொன்றும் நிரையாக எழுதப்படும். இதுவே அளவுப் பட்டியல். ஒப்பந்தகாரர் ஒவ்வொரு நிரைக்கும் தம் விலையை எழுதி, முத்திரையிட்ட உறையில் வைத்து, பிணைமுறியோடு சமர்ப்பிப்பர். குறித்த நேரத்தில், வந்திருப்போர் முன்னிலையில் உறைகள் திறக்கப்பட்டுத் தொகைகள் உரக்க வாசிக்கப்படும். பின்னர் மதிப்பீட்டுக் குழுவொன்று அவற்றை ஆராயும். விலையை மட்டும் பார்ப்பதில்லை. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை ஒப்பந்தகாரரைத் தரம் பிரித்துப் பதிவுசெய்கிறது. அத்தரம் இவ்வேலைக்குப் போதுமா, முன்செய்த வேலை எத்தகையது என்பனவும் பார்க்கப்படும். 2006 ஆம் ஆண்டில் வெளியான அரசாங்கப் பெறுகை வழிகாட்டல்கள், நிபந்தனைகளுக்கு இயைந்தனவாய் மதிப்பிடப்பட்டவற்றுள் மிகக்குறைந்ததையே தெரியவேண்டும் என்றன. எழுதப்பட்ட தொகைகளுள் மிகக்குறைந்தது எதுவோ அதுவே என்று அவை சொல்லவில்லை. வேலை முடிந்தபின்னும் பணத்தில் ஒரு பகுதி, பெரும்பாலும் ஓராண்டுக்கு, பிடித்துவைக்கப்படும். குறை தெரிந்தால் அதைத் திருத்துவதற்காகவே அந்தப் பிடிப்புப் பணம்.

இத்தனை பூட்டுகளும் களவுக்கும் ஓரவஞ்சனைக்கும் எதிரானவை. சிற்றூரிலே இவற்றையும் திறக்கும் சாவிகள் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஒப்பந்தகாரர் நாலைந்து பேர்தான்; எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவினர் அல்லது அயலவர். ‘இம்முறை உனக்கு, அடுத்தமுறை எனக்கு’ என்று பேசிக்கொள்வது கடினமன்று. பெரிய வேலையைத் துண்டுதுண்டாக்கி, திறந்த கேள்வி கோரவேண்டிய எல்லைக்குக் கீழே கொண்டுவருவதும் உண்டு. மிகக்குறைந்த தொகையை எழுதி வேலையைப் பிடித்தபின், ‘மேலதிக வேலை’ என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதும் உண்டு. கணக்காய்வாளர் இவற்றைத் தேடிப்பிடிக்கப் பழகியவர், பத்திரிகைகளும் எழுதுகின்றன.

ஆயினும் எங்கள் வடிகாலில் இவையொன்றும் நடக்கவில்லை. ஒரு சதமும் களவுபோகாமல், ஒரு விதியும் மீறப்படாமல், முதலாம் வகுப்பு அறைக்குள் தண்ணீர் வந்தது. எவ்வாறெனின், கேள்விமுறைக்கு ஒரேயொரு வினாவைத்தான் கேட்கத் தெரியும்: இவ்வேலையை யார் என்ன விலைக்குச் செய்வார்? இந்த வேலைதான் வேண்டுமா, இந்த மட்டத்தில்தான் வேண்டுமா என்று அது கேட்பதில்லை. அவ்வினாவுக்கு விடை கேள்விப்பத்திரம் திறக்கப்படுமுன்னரே, மதிப்பீடு எழுதும் மேசையிலே எழுதப்பட்டுவிடுகின்றது. உறை திறக்கும் நாளிலே பத்துப்பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படம் வரைகின்ற நாளிலே ஒருவரும் பார்ப்பதில்லை.

எங்கள் படம் ஏன் அவ்வாறு வரையப்பட்டதென்று உத்தியோகத்தரிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. வடிகாலின் நீர் பிரதான வீதியின் கீழுள்ள மதகு வழியே போகவேண்டும். வீதியும் மதகும் சபைக்குரியவையல்ல, வேறோர் அதிகாரசபைக்குரியவை. வீதியைப் புதுப்பித்தபோது மதகின் அடித்தளம் உயர்ந்துவிட்டது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆகவே மதகின் மட்டத்திலிருந்து பின்னோக்கிச் சரிவு கணக்கிட்டு வந்தபோது, எங்கள் வாயிலிலே வடிகால் அரையடி மேலே வந்து நின்றது. “மதகைத் தாழ்த்தும்படி எழுதியிருக்கலாமே” என்றேன். “எழுதலாம், ஐயா. பதில் வர ஓராண்டாகும். ஒதுக்கிய பணத்துக்கு டிசெம்பர் 31 க்கு முன் ஒப்பந்தம் செய்யாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். வடிகால் இல்லையென்று நீங்களே மறுபடி விண்ணப்பம் கொடுப்பீர்கள். அதுதான் உங்களுக்குப் படத்தை அனுப்பினோம்” என்றார். பணிவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பணம் திரும்பிப் போய்விடும் என்ற அச்சமே எங்கள் சிறு நகரங்களின் நிருமாண வேலைகளிற் பாதியைத் தீர்மானிக்கின்றதென்று இப்போது நினைக்கின்றேன். மற்றப் பாதியை வட்டாரம் தீர்மானிக்கின்றது. 2018 பெப்ரவரியில் நடந்த தேர்தல்முதல் உள்ளூராட்சி உறுப்பினரிற் பெரும்பகுதியினர் வட்டாரவாரியாகத் தெரிவாகின்றனர். உறுப்பினர் இன்னார் என்று மக்களுக்குத் தெரிவது நல்லதே. ஆனால் ஒவ்வொருவரும் தம் வட்டாரத்து ஒழுங்கைக்குக் கொங்கிரீட்டு கேட்கின்றார். பழைய தளத்தைக் கிண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தளம் இடப்படுகின்றது. தேர்தலுக்குத் தேர்தல் ஒழுங்கை நாலு அங்குலம் உயர்கின்றது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இருபது ஆண்டுக்கு முன் இரண்டு படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கி நுழைகின்றோம். தண்ணீருக்கு வட்டார எல்லை தெரியாது.

இதற்கெல்லாம் சட்டமில்லாமலில்லை. 1915 ஆம் ஆண்டிலேயே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் வந்துவிட்டது. 1939 இல் நகரசபைகள் கட்டளைச்சட்டமும், 1946 இல் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச்சட்டமும், 1978 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் வந்தன. அறிஞரும் வந்துபோயினர். ஸ்கொத்லாந்து நாட்டவரான பற்றிக் கெடிஸ் 1921 இல் கொழும்புக்கு ஒரு திட்டம் எழுதினார். அவர் அடிப்படையில் உயிரியல் அறிஞர். ஆகையால் நகரத்தை ஓர் உயிராகவே கண்டார். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கலாகாது, ஊரை நடந்து பார்த்து, அளந்து, மக்கள் எப்படி வாழ்கின்றார்கள் என்று அறிந்தபின்னரே கோடு கிழிக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1948 இல் ஆங்கிலேயரான அபர்குரோம்பி கொழும்புப் பிரதேசத்துக்கு மற்றுமொரு திட்டம் வகுத்தார். இரத்மலானை, ஹோமாகமை, இராகமை ஆகியவை துணைநகரங்களாக வளரவேண்டுமென்று அவர் கருதினார். பெரிய திட்டங்கள்! ஆனால் பெரிய திட்டத்தின் கோடு ஒரு பாடசாலை வாயிலுக்கு வந்து சேரும்போது அஃது ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரின் பென்சிற் கோடாகிவிடுகின்றது. கெடிஸ் சொன்ன அந்த நடையை அவருக்காக யாரும் நடக்கவில்லை.

கோட்டேயைப் பாருங்கள். தியவன்னா ஓயாவின் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவே ஜெஃப்ரி பாவா வரைந்த பாராளுமன்றக் கட்டடத்தை எழுப்பி, 1982 ஏப்ரல் 29 ஆந் திகதி திறந்துவைத்தார்கள். உலகம் போற்றிய கட்டடம். அதைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களோ பின்னர் துண்டு துண்டாக நிரப்பப்பட்டன. பத்துப் பேர்ச்சஸ் இங்கே, இருபது பேர்ச்சஸ் அங்கே. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அனுமதி, அல்லது அனுமதியில்லாத ஒரு பாராமுகம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் அற்ப விடயம். 2010 நவம்பரில் ஓரிரவு மழையில் அப்பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. கொழும்புப் பெரும்பாகத்தின் வெள்ளத்தைத் தணித்து நகரை மேம்படுத்துவதற்கு 2012 இல் உலக வங்கியிடம் 21 கோடியே 30 இலட்சம் அமெரிக்க டொலர் கடன்பெற வேண்டியதாயிற்று. 2018 இல் கொழும்பு, உலகின் முதற் பதினெட்டு ‘ராம்சர் ஈரநில நகரங்களுள்’ ஒன்றாக ஏற்கப்பட்டது. சதுப்பின் பெருமையை, பெரும்பகுதியை நிரப்பிய பின்னர்தான் அறிந்துகொண்டோம்.

கொலன்னாவையின் கதையைச் சொல்ல நாக்கூசுகின்றது. புளூமெண்டால் குப்பைமேடு 2009 ஆம் ஆண்டளவில் மூடப்பட்டபின், மாநகரின் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போயிற்று. மீதொட்டமுல்லை மாநகரத்துக்குள் இல்லை. அது கொலன்னாவை நகரசபை எல்லைக்குள் இருப்பது. பெரிய நகரத்தின் கழிவு சிறிய நகரத்தின் பின்முற்றத்திலே கொட்டப்பட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் ஆண்டுக்கணக்காக எதிர்த்துக் குரலெழுப்பினார்கள். குப்பை ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கும் கூலிக்கும் கேள்வி கோரலாம். ஒப்பந்தங்கள் ஒழுங்காக நடைபெறலாம். ஆனால் ‘இங்கேதான் கொட்டவேண்டுமா’ என்ற வினாவுக்கு எந்தக் கேள்விப்பத்திரத்திலும் நிரை கிடையாது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளின் பிற்பகலில் அந்த மேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பத்திரண்டு உயிர்கள் போயின. பலகாரத் தட்டுகள் மேசையிலே இருந்த வேளை அது. அயலூரிலுள்ள பாடசாலைகளில், விடுமுறை முடிந்து வருகைப் பதிவு கூப்பிட்ட ஆசிரியர்களை நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எங்கள் வடிகாலை அதனோடு ஒப்பிடுவது பொருந்தாது என்பீர்கள். உண்மை. எங்களுக்குப் போனது ஒரு பெட்டிப் புத்தகம். ஆனால் இரண்டு இடத்திலும் தீர்மானம் ஒரேமாதிரியே பிறந்தது: பாதிக்கப்படுபவரிடம் கேட்கப்படாமல், அல்லது என்னைப்போலக் கேட்கப்பட்டவர் பாராமலே ஒப்பமிட்டதனால்.

நான் எழுதிய குற்றச்சாட்டுக் கடிதத்தை மீளப்பெறவேண்டியிருந்தது. அதை யாருக்கு எழுதுவது? 2023 மார்ச் மாதத்தோடு நாடெங்கும் உள்ளூராட்சிச் சபைகளின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, தேர்தல் தள்ளிப்போனது. 2025 மே 6 ஆந் திகதி தேர்தல் நடைபெறும்வரை, இரண்டாண்டுக்கு மேலாக, எங்கள் சபையில் மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. செயலாளரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அவருக்கு எழுதினேன். வேலை படத்தின்படியே நடந்திருக்கிறது, ஒப்பந்தகாரரிடம் குறையில்லை, பிடிப்புப் பணத்தைக் கொடுத்துவிடுக என்று எழுதினேன். கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு ஒப்பந்தகாரரின் வீட்டுக்கும் போனேன். அவர் அதனை வாசித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “படத்தைப் பார்த்தபோதே தண்ணீர் உள்ளே வரும் என்று எனக்குத் தெரிந்தது, சேர்” என்றார். “ஏன் சொல்லவில்லை?” என்றேன். “யாரும் கேட்கவில்லையே. சொன்னால் மேலதிக வேலைக்கு அடிபோடுகிறான் என்பார்கள்” என்றார். தேநீர் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இல் நிறைவேறி 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது என்பதை வகுப்பறையிலே கற்பித்திருக்கிறேன். ஆனால் அதனை ஒருநாளும் பயன்படுத்தியதில்லை. கடந்த தவணையில்தான் முதன்முதலாக, எங்கள் பாடசாலையைச் சுற்றியுள்ள வீதிகளுக்குத் திட்டமிடப்பட்டிருக்கும் வேலைகளின் படங்களையும் மதிப்பீடுகளையும் கேட்டு விண்ணப்பித்தேன். பதினான்கு வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டுமென்பது சட்டம். சொன்னார்கள், படங்களும் வந்தன. அவற்றுள் ஒன்று, பாடசாலையின் பின்புறத்து ஒழுங்கைக்குக் கொங்கிரீட்டு இடுவதற்கானது. கேள்வி இன்னும் கோரப்படவில்லை.

சென்ற சனிக்கிழமை உயர்தர வகுப்பு மாணவர் இருவரையும், மேசன் வேலை செய்யும் ஒரு பெற்றாரையும் அழைத்துக்கொண்டு அந்த ஒழுங்கைக்குப் போனேன். மேசன்மார் மட்டம் பார்க்கும் தெளிந்த குழாயொன்றில் நீர் நிரப்பி, இந்தப் பக்கம் ஒரு மாணவன், அந்தப் பக்கம் ஒரு மாணவன் பிடித்துக்கொள்ள, ஒழுங்கையின் தலைப்பிலிருந்து கடைசிவரை மட்டம் பார்த்தோம். இரண்டு மணிநேரம் ஆயிற்று. புதிய தளம் இட்டால் வீதி எங்கள் பின்வாயிலிலும் மூன்று அங்குலம் உயரும் என்று தெரிந்தது. மூலையிலிருக்கும் மூதாட்டியின் வீட்டுக்கு இன்னும் அதிகம். அவர் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்து, “என்ன மாஸ்டர், ரோட்டுப் போடப் போகிறார்களா?” என்று மகிழ்ச்சியோடு கேட்டார். குழாயிலே நீர்மட்டத்தைக் காட்டி விளங்கப்படுத்தினோம். அவர் தம் வாசற்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

படத்தின் கடைசித் தாளில், கருத்து எழுதும் இடத்திலே, இம்முறை இடம் போதவில்லை. தனித்தாளொன்றில் அளவுகளை எழுதி, பழைய தளத்தைக் கிண்டி எடுத்தபின்னரே புதிய தளம் இடவேண்டுமென்றும், அதனையும் அளவுப் பட்டியலில் ஒரு நிரையாகச் சேர்க்கவேண்டுமென்றும் கேட்டிருக்கின்றேன். மூதாட்டியும் அதில் ஒப்பமிட்டிருக்கிறார். திங்கட்கிழமை சபைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் திகதியிட்ட முத்திரையும் பதித்து வாங்கிவந்தேன். கிண்டி எடுப்பதற்குப் பணம் போதாது என்று கருமபீடத்திலேயே ஒருவர் சொன்னார். எழுத்திலே பதில் இன்னும் வரவில்லை.